வெங்காயக் குளிசை

“அங்கிள், அப்பாவைக் கொஞ்சம் முன்னுக்கு இருத்துங்கோ. முகம் இருட்டா விழுது.”

கலியாண மண்டபத்தில் வீடியோக்காரர் இதைச் சொன்னது நதானியேலைப் பார்த்து. அப்பா என்று அவர் கை நீட்டியது ஹரோல்டை. நதானியேல் ஹரோல்டின் பெரியம்மா மகன். ஹரோல்டைவிட மூன்று வயது மூத்தவர், ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு மாத லீவில் வந்திருந்தார். எழுபத்திரண்டு வயது அண்ணையை மகனாக்கி, அறுபத்தொன்பது வயதுத் தம்பியை அவருக்குத் தகப்பனாக்கிவிட்டு, அந்த மனிதர் ஒன்றும் நடக்காததுபோல் கமெராவுக்குள் கண்ணை வைத்துக்கொண்டார்.

மேசையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலில் சிரித்தது ஹரோல்ட்தான். மானம் போகப்போகிறது என்று தெரிந்தால் மற்றவர்களுக்கு முந்தித் தானே சிரித்துவிடுவது அவருடைய பழக்கம். சிரித்துக்கொண்டே கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு அப்பாவாக உட்கார்ந்தும் கொடுத்தார். ஆனால் அன்று சாப்பிட்ட புரியாணி அவருக்கு உள்ளே இறங்கவில்லை.

ஹரோல்ட் பருத்தித்துறைக்காரர். நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் படம் வரைந்தவர். ஒரு காணியின் எல்லைக்கோடு மயிரிழை தடித்தாலும் தாளைக் கிழித்துப்போட்டுத் திரும்ப வரைகிற கை அவருடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்த தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுவார். இதெல்லாவற்றையும்விட ஊருக்கு அவரைத் தெரிந்தது அவருடைய வாயால். தலைக்கு மை பூசுகிற ஆண்கள் என்றால் அவருக்கு இளக்காரம். ஓர்கன் வாசிக்கும் எமில்ராஜ் மை பூசிக்கொண்டு வந்த முதல் ஞாயிறு, “எமில்ராஜ், மழை இருட்டுது, தலையை மூடிக்கொண்டு ஓடும், கழுத்தாலை வடியப்போகுது” என்று தேவாலய வாசலில் நின்று சொன்னவர். அந்த மனிதர் அதன்பிறகு ஆறு மாதம் ஹரோல்டோடு முகம் பார்த்துக் கதைக்கவில்லை.

இப்படிப்பட்ட வாயை வைத்துக்கொண்டிருப்பவர், தனக்கும் வயது போவது கவலையாக இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

நதானியேலிடம் மட்டும் கேட்டார். கலியாணம் முடிந்து இரண்டாம் நாள், கடற்கரைப் பக்கம் நடந்துகொண்டிருக்கும்போது, வேறு எதையோ விசாரிப்பதுபோலக் கேட்டார்.

“அண்ணை, நீ என்ன சாப்பிடுறனீ?”

நதானியேல் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்துக் காட்டினார். உள்ளே மஞ்சள் தூள் அடைத்த குளிசைகள்.

“குவெர்செட்டின். வெங்காயத்திலை, அப்பிள் தோலிலை இருக்கிற சத்தடா. ஃபிளேவனாய்டு எண்டு சொல்லுவினம். உடம்பு பழசாகிறதைக் கொஞ்சம் மெதுவாக்குமாம். ஆராய்ச்சி நடக்குது. எனக்கெண்டால் நல்லாத்தான் இருக்குது.”

“மருந்தோ?”

“சேச்சே, மருந்தில்லை. சாப்பாடு மாதிரி. காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு போட்டுப் பார்.”

போகும்போது மூன்று போத்தல்களைக் கொடுத்துவிட்டுப் போனார். வெங்காயம் மூட்டை மூட்டையாய் விளைகிற யாழ்ப்பாணத்துக்கு, வெங்காயச் சத்து கடல் கடந்து விமானத்தில் வந்து சேர்ந்தது. ஹரோல்டுக்கே இதை நினைக்கச் சிரிப்பு வந்தது. வேறு யாராவது இதைச் செய்திருந்தால் ஒரு வருடத்துக்குப் போதுமான பகிடி அவருக்குக் கிடைத்திருக்கும். அதனால்தான் போத்தல்களைப் பழைய வரைகருவிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அந்தப் பெட்டியை மியூரியல் தொடமாட்டாள்.

மியூரியல் அவருடைய மனைவி. பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் முப்பத்துநான்கு வருடம் கணிதம் படிப்பித்தவள். அவளிடம் படித்தவர்கள் இன்றைக்கும் அவளைச் சந்தையில் கண்டால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். ஒன்பது வருடமாக மாதர் சங்கத் தலைவி. மூன்று வருடத்துக்கு முன் ஹரோல்டின் இதயத் துடிப்பு ஒழுங்கு கெட்டு, இரத்தம் கட்டிபடாமல் இருக்க வார்ஃபரின் குளிசை எழுதிக் கொடுத்தபோது, அந்தப் பொறுப்பும் அவளிடம்தான் வந்தது. ஒரு நாள் முழுக் குளிசை, மறு நாள் அரை. அரையைப் பாக்குவெட்டியால் வெட்டுவாள். இரண்டு பாதியும் அச்சு அசலாய் ஒரே அளவில் விழும். கலண்டரில் அன்றன்றைக்கு “மு” என்றோ “அ” என்றோ பென்சிலால் எழுதுவாள். மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் இரத்தம் பார்ப்பார்கள். கணக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும்; ஏறினால் இரத்தம் கசியும், இறங்கினால் கட்டிபடும். மூன்று வருடமும் அது அங்கேயே நின்றது. “இந்த அம்மாவிட்டைப் படிக்கச் சொல்லி மற்ற ஆக்களையும் அனுப்பவேணும்” என்று கிளினிக்கில் நேர்ஸ் ஒருத்தி சொன்னதை மியூரியல் நாலைந்து தரம் ஹரோல்டுக்கு ஞாபகப்படுத்தியிருக்கிறாள்.

குளிசை போடத் தொடங்கிய மூன்றாம் கிழமை ஹரோல்டுக்கு உடம்பு லேசானது போல இருந்தது. காலையில் உதட்டைக் குவித்துப் பாட்டொன்றைச் சீக்காய் அடித்தார். பாடகர் குழுவில் குரல் எழும்பியது. கண்ணாடிக்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றார். குளிசைதான் செய்ததோ, குளிசை போடுகிறோம் என்ற நினைப்புத்தான் செய்ததோ, அதைச் சொல்ல ஆளில்லை. முன்னங்கையில் நீலமாய் ஒரு கண்டல் கிடந்ததையும், பல்லுத் தீட்டும்போது முரசில் இரத்தம் கசிந்ததையும் அவர் பெரிதாக எடுக்கவில்லை.

அந்த மாதக் கிளினிக்கில் கணக்கு மூன்று தசம் ஒன்பது என்று வந்தது.

“ஏன் ஏறினது?” இளம் டொக்டர், புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். “ஐயா, வேறை மருந்து ஏதும் பாவிக்கிறியளோ?”

“இல்லை,” என்றார் ஹரோல்ட். நதானியேல் அண்ணை மருந்தில்லை என்றுதானே சொன்னவர்! அந்த நேரத்தில் அது அவருக்குப் பொய்யாகவே படவில்லை.

டொக்டர் மியூரியலைப் பார்த்தாள். “அம்மா, அரைக் குளிசையை ஒழுங்கா வெட்டுறியள்தானே?”

 வாழ்க்கையில் மியூரியலிடம் யாரும் கேட்காத கேள்வி அது. “ஓம், டொக்டர்,” என்றாள். குளிசையின் அளவைக் குறைத்து, நாளுக்கு அரை என்று எழுதி, இரண்டு கிழமையில் வரச்சொன்னார்கள்.

இரண்டு கிழமை கழித்துப் போனால், அளவைக் குறைத்தும் கணக்கு இறங்கவில்லை. நாலைத் தொட்டு நின்றது. இந்தமுறை டொக்டர் நேராகவே கேட்டாள்.

“நாட்டு மருந்து, கசாயம், வெளிநாட்டாலை வந்த சத்துக் குளிசை, உப்பிடி ஏதும்?”

ஹரோல்ட் வாயைத் திறந்தார். திறந்தது உண்மை சொல்லத்தான் என்று பிறகு பலமுறை தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆனால் மியூரியல் முந்திவிட்டாள்.

“இல்லை டொக்டர். இவர் உதுகளைத் தொடமாட்டார். உப்பிடிப் போடுற ஆக்களைக் கண்டாலே பகிடி பண்ணுற மனுசன்.”

அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள். ஹரோல்ட் திறந்த வாயை மூடிக்கொண்டார். டொக்டர் குளிசையை இன்னும் குறைத்து எழுதி, திரும்பவும் இரண்டு கிழமையில் வரச்சொன்னாள்.

நேர்ஸ் மியூரியலைக் கொஞ்சம் அப்பால் கூட்டிக்கொண்டுபோய்க் கதைத்தாள். மெதுவாகத்தான் கதைத்தாள், ஆனாலும் முறை வரும்வரை வாங்கில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் கேட்டது. “அம்மா, குடுத்ததை மறந்துபோய்த் திரும்பக் குடுக்கிறியளோ தெரியாது. வயசான காலத்திலை நடக்கிறதுதான். வீட்டிலை வேறை ஆரும் இல்லையோ?” மியூரியல் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு நின்றாள், கணக்குப் பிழைத்த பிள்ளை மாதிரி.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஹரோல்ட் வரைகருவிப் பெட்டியைத் திறந்தார். போத்தலின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல எழுத்து. படத்தில் சின்ன இலக்கம் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்து வாசித்தார். இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் இதை எடுக்கவேண்டாம் என்று தெளிவாகவே போட்டிருந்தார்கள். பூதக்கண்ணாடி அத்தனை நாளும் அந்தப் பெட்டிக்குள்ளேயே, போத்தலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. கிழவன்மாதிரிக் கண்ணாடி பிடித்து வாசிக்க மனமில்லாமல்தான் அவர் அதைத் தொடவில்லை.

அந்த இடத்திலேயே எழும்பிப் போய்ச் சொல்லியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். குசினி பத்து அடி தூரம். மியூரியல் அங்கே மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். ஹரோல்ட் எழும்பவும் செய்தார். எழும்பிக் குசினிக்குப் போகாமல், பின் வளவுக்குப் போய், கஞ்சல் எரிக்கிற குழிக்குள் குளிசைகளைக் கொட்டி நெருப்பு வைத்தார். எவருக்கும் தெரியாமல் வந்தது எவருக்கும் தெரியாமல் போகட்டும். அடுத்தமுறை கணக்குத் தானாக இறங்கிவிடும், மியூரியலின் மனமும் ஆறிவிடும். இப்படி அவர் யோசித்தார். படித்த மனிதர், முப்பத்தொரு வருடம் பிழையில்லாமல் கோடு கீறியவர், இவ்வளவுதான் யோசித்தார்.

மியூரியலின் மனம் ஆறவில்லை. அவளுடைய தாய் கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளையைத் தெரியாமல், “நீர் ஆற்றை பிள்ளை?” என்று அவளிடமே கேட்டவர். அந்தப் பயம் மியூரியலின் அடிவயிற்றில் எப்போதும் இருந்தது. இப்போது அது எழும்பி வீடெல்லாம் நடந்தது. குளிசை கொடுத்தபின் கலண்டரில் எழுதுவாள். எழுதியதைக் கொப்பியில் எழுதுவாள். பிறகு வந்து, “இஞ்சருங்கோ, இண்டைக்கு நான் உங்களுக்குக் குளிசை தந்தனானே?” என்று கேட்பாள்.

“ஓம், தந்தனீர்.”

“ஒருக்காத்தானே?”

“ஒருக்காத்தான். நீர் யோசியாதையும்.”

யோசியாதையும்! அந்தச் சொல்லைச் சொல்லும் ஒவ்வொருமுறையும் ஹரோல்டுக்குத் தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் பிடுங்கவேண்டிய நாக்கு அடுத்த நாளும் அதையே சொன்னது. அடுப்பு எரிகிறதோ, நூர்த்தோமா என்று பார்க்க அவள் பாதி வழியில் திரும்பி வந்தாள். தெரிந்த ஆட்களின் பெயரைச் சொல்லப் பயந்து, “தங்கச்சி”, “பிள்ளை” என்று பொதுவாய்க் கூப்பிடத் தொடங்கினாள். நல்ல புத்தியுள்ள ஒருத்தி, தனக்குப் புத்தி போகிறது என்று நம்பி, அதற்கேற்ற மாதிரி நடந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு ஒருவர் சாய்மனைக் கதிரையில் பேப்பர் படித்தார்.

ஒரு வியாழக்கிழமை அவள் மாதர் சங்கத் தலைவிப் பதவியிலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதினாள். அதைச் செயலாளர் ரஞ்சினியின் வீட்டுக்கு ஹரோல்ட்தான் சைக்கிளில் கொண்டுபோனார். ரஞ்சினி படித்துவிட்டுத் திகைத்துப்போய், “ஏன் அண்ணை, மியூரியல் அக்காவுக்கு என்ன?” என்று கேட்டாள்.

“வயசு போகுதெல்லோ, தங்கச்சி,” என்றார் ஹரோல்ட்.

திரும்பி வரும்போது சைக்கிளை மிதிக்க முடியாமல் இறங்கி உருட்டிக்கொண்டு வந்தார்.

மூன்றாம் கிளினிக்குக்கு அவர் ஒரு நம்பிக்கையோடுதான் போனார். கணக்கு இரண்டரையில் நிற்கும், டொக்டர் சிரிப்பாள், மியூரியலும் சிரிப்பாள். கணக்கு ஒன்று தசம் மூன்று. குளிசையை இரண்டுமுறை குறைத்த பிறகு வெங்காயச் சத்தும் நின்றால் எங்கே போய் நிற்கும் என்று அவர் யோசித்திருக்கவில்லை.

“முதல் கூடிச்சுது, இப்ப இப்பிடிக் குறைஞ்சுபோச்சு,” என்றாள் டொக்டர். “இப்பிடியே விட்டால் இரத்தம் கட்டிப்பட்டு மூளைக்கும் போகலாம். குளிசை ஒழுங்காப் போகேல்லை எண்டதுதான் எனக்கு விளங்குது.” அவள் மியூரியலின் பக்கம் கதிரையைத் திருப்பினாள். அன்பான பிள்ளைதான். அந்த அன்புதான் ஹரோல்டைப் போட்டு வதைத்தது. “அம்மா, குறை நினையாதேங்கோ. சும்மா ரெண்டு மூண்டு கேள்வி கேட்கிறன். இண்டைக்கு என்ன கிழமை?”

“செவ்வாய்.”

“என்ன மாசம்?”

மியூரியல் சொன்னாள்.

“நூறிலையிருந்து ஏழு ஏழாக் கழிச்சுக்கொண்டு வாங்கோ பாப்பம்.”

கணித ரீச்சரிடம்! கேட்ட பிள்ளைக்கு அது தெரியாது. மியூரியல் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“தொண்ணூற்றி மூண்டு,” என்றாள். “எண்பத்தாறு. எழுபத்தொன்பது.”

பிறகு நின்றுவிட்டாள்.  பிழை விட்டுவிடுவேனோ என்ற பயத்தில், விடை தெரிந்துகொண்டே அதைச் சொல்லத் துணியாமல் நின்றாள். கண் நிறைந்துவிட்டது. அவள் திரும்பி ஹரோல்டைப் பார்த்தாள், உதவிக்கு.

“டொக்டர்,” என்றார் ஹரோல்ட். “இவவிலை பிழையில்லை. நான்தான் ஒரு குளிசை போட்டனான்.”

“என்ன குளிசை?”

“வெங்காயக் குளிசை.”

“என்னது?”

இரண்டாம்முறை சத்தமாகச் சொல்லவேண்டி வந்தது. பெயரைச் சொன்னார், இப்போது நிறுத்திவிட்டதையும் சொன்னார். எதற்கு என்று அவள் கேட்டாள். “வயசு போறதை... மெதுவாக்கிறதுக்கு,” என்றார். பின்னால் வாங்கில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்று அவருக்குத் தெரியும். இந்தமுறை முந்திச் சிரிக்க அவரால் முடியவில்லை. 

டொக்டர் ஏசவில்லை. “உறுதியாச் சொல்லேலாது. ஆனா உது வார்ஃபரினோடை சேர்ந்தால் கணக்கை ஏத்தக்கூடும். நிப்பாட்டினபடியாலும் நாங்கள் அளவைக் குறைச்சபடியாலும் இப்ப இறங்கியிருக்கும். எப்ப நிப்பாட்டினியள்?”

“போனமுறை இஞ்ச வந்திட்டுப் போன அண்டைக்கு.”

“ஏன், அண்டைக்குத் தெரியுமோ?”

“போத்தலிலை வாசிச்சனான்.”

மியூரியல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு நாள். அதை அவள் மனதில் கணக்குப் பார்த்துவிட்டாள் என்பது அவளுடைய முகத்தில் தெரிந்தது.

“சரி அம்மா, இனி அந்தக் கணக்குத் தேவையில்லை,” என்றாள் டொக்டர்.

“இல்லை. முடிக்கிறன்,” என்றாள் மியூரியல். முதுகை நிமிர்த்திக்கொண்டாள். “எழுபத்திரண்டு. அறுபத்தைஞ்சு. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொண்டு. நாற்பத்திநாலு. முப்பத்தேழு. முப்பது. இருபத்திமூண்டு. பதினாறு. ஒன்பது. ரெண்டு.” ஒரு இடத்திலும் நிற்கவில்லை. 

பஸ்ஸில் அவள் வேறு ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். ஹரோல்ட் பின்னால் நின்றுகொண்டு வந்தார். முன்னால் ஒரு இருக்கை வெறுமையானபோது, “ஐயா, நீங்கள் இருங்கோ” என்று யாரோ எழும்பாமலே கை காட்டினார்கள். அவர் இருக்கவில்லை.

வீட்டு வாசலில் வைத்துத்தான் அவள் வாயைத் திறந்தாள். “ரஞ்சினியிட்டைப் போய்க் கடிதத்தை வாங்கிக்கொண்டு வாங்கோ.”

அவர் போனார். மியூரியல் மனம் மாறிவிட்டாள் என்று ஒரு வரியில் சொல்லிக் கடிதத்தை வாங்கியிருக்கலாம். அந்த வரி வழி நெடுக நாக்கு நுனியில்தான் இருந்தது. ரஞ்சினி படலையைத் திறந்ததும் அவர் முழுதையும் சொன்னார். கலியாண வீட்டு வீடியோக்காரரிலிருந்து தொடங்கி, வயசு போகுதெல்லோ என்று இதே படலையில் நின்று சொன்ன பொய் வரைக்கும். ரஞ்சினிக்கு முதலில் சிரிப்பு வந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது.

“பாவம், அக்கா,” என்றாள். உள்ளே போய்க் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். 

ஹரோல்ட் கடிதத்தை மியூரியலிடம் நீட்டினார். கிழித்துப் போடுவாள், அத்தோடு கொஞ்சம் ஆறும் என்று எதிர்பார்த்தார். அவள் கிழிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் ஒரு வரியைத் தொட்டாள்.

“வாசியுங்கோ.”

“மியூரியல்...”

“வாசியுங்கோ.”

“எனது ஞாபகசக்தி நாளுக்கு நாள் குறைந்து வருவதை நானே உணர்வதால்,” என்று ஹரோல்ட் வாசித்தார். 

“இதை எழுதிப்போட்டு உங்களிட்டைத்தான் தந்தனான். எனக்கு இனி எழுத்தும் பிழைக்கும், ஒருக்காப் பாத்துத் தாங்கோ எண்டு சொல்லி.”

அதை அவர் மறக்கவில்லை. நினைக்காமல் ஒதுக்கி வைத்திருந்தார். மேசையின் இதே பக்கத்தில் உட்கார்ந்து, வரைபடத்தில் பிழை தேடுகிற மாதிரி, வரி வரியாகப் பார்த்திருந்தார்.

“குறைந்து எண்ட சொல்லிலை ‘ந்’ க்கு நான் குத்துப் போடேல்லை,” என்றாள் மியூரியல். அவளுடைய எழுத்து முழுதும் கறுப்பு மை. அந்த ஒரு எழுத்தின் மேல் மட்டும் நீலத்தில் ஒரு புள்ளி, துல்லியமாய், வட்டமாய் இருந்தது. “உந்தக் குத்து நீங்கள் போட்டது. இவ்வளவு பெரிய பொய்யைக் கையிலை வைச்சுக்கொண்டு, நீங்கள் திருத்தினது உதை மட்டும்தான்.”